நாலரை மணி முயல்

பகலில் பார்த்தால் பொம்மைக் கடையிலிருந்து வாங்கி வந்து வைத்தது போலத்தான் இருக்கும். கால்களை வயிற்றுக்கு அடியில் மடக்கி, காதுகளை முதுகோடு ஒட்டவைத்து, கூண்டின் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிற பெரியவர்கள், "பாவம், வாயில்லா ஜீவன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வாயில்லா ஜீவனைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு ஓர் இரவு தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் மற்ற விஷயம் தெரியும். விடிகாலை நாலரை. தெருநாய்கள்கூட ஓய்ந்துபோன நேரம். கடகடகட என்று ஒரு சத்தம். கம்பியைப் பல்லால் கவ்வி உலுக்குகிற சத்தம். அடுத்து தட்டு கவிழும். அதற்கடுத்து மூலையில் பரபரவென்று மண் தோண்டுகிற சத்தம், அங்கே மண்ணே இல்லாவிட்டாலும்.

முயல் வளர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஏன் இந்த நேரத்தில்? பகல் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தது? பசியா, பயமா, கொழுப்பா?

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வாங்கி வந்த வெள்ளை முயல், சிவப்புக் கண். மகள் அதற்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தாள். பால்கனியில் வெயிலும் பூனையும். கூடத்தில் இரவு பதினோரு மணிவரை தொலைக்காட்சி. மிச்சமிருந்தது படுக்கையறை. இரண்டாவது வாரம் மனைவி கேட்டார், "நாம வாங்குனது முயலா, அலாரமா?"

இது எந்த முயல்?

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விலங்குகளுக்குப் பயன்படுத்துகிறோம். கடலைக்காட்டில் வண்டி வெளிச்சம் பட்டவுடன் குறுக்கே பாய்ந்து ஓடுமே, அது நம் ஊர் கருங்கழுத்து முயல். அது வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு பள்ளம் செய்து அதில் பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் உரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும். அதை வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது.

கடையில் வாங்குகிற முயல் வேறு. அதைக் குழிமுயல் என்று சொல்லிக்கொள்வோம். தொங்குகாது முயல், அங்கோரா, நியூசிலாந்து வெள்ளை என்று எந்தப் பெயரில் விற்றாலும் எல்லாவற்றுக்கும் மூதாதை ஒன்றுதான்: ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கிற ஐபீரியத் தீபகற்பத்துக் காட்டுக் குழிமுயல். கூட்டமாக வாழ்வது, மண்ணுக்குள் கிளை கிளையாகச் சுரங்கம் தோண்டுவது, அந்தச் சுரங்கத்துக்குள் கண் திறக்காத, உரோமம் இல்லாத குட்டிகளைப் போடுவது, இதெல்லாம் அதன் குணம். (எலி இனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்வரிசை வெட்டுப்பற்களுக்குப் பின்னால் முயலுக்கு இன்னொரு சின்ன ஜோடிப் பல் உண்டு, எலிக்குக் கிடையாது. இப்படிப்பட்ட வேறுபாடுகளைக் காட்டித்தான் 1912இல் கிட்லி என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் முயல்களை எலிக் கூட்டத்திலிருந்து தனி வரிசையாகப் பிரித்தார்.)

நம் கேள்விக்கு இந்தப் பூர்வீகம் முக்கியம். பகலில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் முயல், அதன் கணக்கில், வளைக்குள் இருக்கிறது. கூண்டு மூலையோ கட்டிலுக்கு அடியோ, தலைக்கு மேல் ஒரு கூரையும் மூன்று பக்கம் மறைப்பும் இருந்தால் போதும். வளையை விட்டு வெளியே வருகிற நேரத்தைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம்.

அந்தி சந்தி

'அந்தி சந்தியில் வெளியே போகாதே' என்று வீட்டில் சொல்வார்கள். குழிமுயல் போவதே அப்போதுதான். பகல் விலங்கு, இரவு விலங்கு என்ற இரண்டு பெட்டிகளிலும் இது அடங்காது. பொழுது சாயும்போதும் பொழுது புலரும்போதும் இதன் சுறுசுறுப்பு உச்சத்துக்குப் போகிறது. நடுவில் இரவிலும் விட்டு விட்டு மேயும். இப்படிப்பட்டவற்றை அந்திசந்தி விலங்குகள் என்று அழைக்கலாம்.

ஏன் இந்த நேரம்? ஐபீரியாவில் முயலைத் தின்னாத விலங்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் மேலே ஸ்பானிய ராஜாளிக் கழுகு. இருட்டில் ஆந்தை. ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் உணவில் பெரும்பகுதி இந்த ஒரே விலங்குதான். முயலுக்கு நோய் வந்தால் லின்க்ஸ் பட்டினி கிடக்கிற அளவுக்கு. பட்டப்பகலில் வெயிலும் கழுகும், நள்ளிரவில் ஆந்தை. மங்கலான வெளிச்சத்தில் மேய்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். முயலின் கண்ணும் மங்கல் வெளிச்சத்துக்கேற்ற கண்தான். ஆனால் லின்க்ஸும் முட்டாள் இல்லை. முயல் வெளியே வருகிற நேரம் பார்த்து அதுவும் வேட்டைக்குக் கிளம்புகிறது. ஆகவே 'எதிரி இல்லாத நேரம்' என்று எழுதிவிட முடியாது. எதிரிகள் கொஞ்சம் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்த நேர அட்டவணை முயலின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. மூளையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. உயிர்க்கடிகாரம் என்று அதற்குப் பெயர். வெளிச்சம் அதை நாள்தோறும் திருத்திவைக்கிறது. சென்னை அடுக்ககத்தில் பிறந்து, ஒரு கழுகைக்கூடப் பார்த்திராத கொழுக்கட்டைக்கும் அதே கடிகாரம்தான்.

ஒரு சனிக்கிழமை இரவு

கேள்விப்பட்டதை வைத்தே எவ்வளவு நாள் ஓட்டுவது? ஒரு சனிக்கிழமை இரவு நோட்டுப் புத்தகத்தோடு தரையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். கைப்பேசி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டேன். முயலின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இரண்டு வகைதான். ஒன்று நீலத்துக்கு, ஒன்று பச்சைக்கு. சிவப்பு அதற்கு ஏறக்குறைய இருட்டு.

10.10: விளக்கை அணைத்தோம். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை.

10.45: மூலையிலிருந்து வெளியே வந்தது. புல் தின்னும் சத்தம். தாடை மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில் அரைக்கிறது. அம்மிபோல.

11.05: கம்பியைக் கடித்து உலுக்கியது. நாலு நிமிடம். நடுவில் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தது. கட்டிலில் மனைவியும் மகளும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

12.20: சோற்று உருண்டை மாதிரி சுருண்டு உட்கார்ந்தது. கண் திறந்தே இருந்தது. தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? முயலிடம் இதைக் கண்ணை வைத்துச் சொல்ல முடியாது, மூக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். விழித்திருக்கும்போது மூக்கு ஓயாமல் துடிக்கும். பரபரப்பு கூடக் கூட எண்ண முடியாத வேகத்துக்குப் போகும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். கால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு. பிறகு ஏழு. பிறகு எப்போதாவது ஒன்று. 12.40க்கு நின்றேவிட்டது. கண் அப்போதும் திறந்துதான் இருந்தது.

கண்ணைத் திறந்துவைத்தே தூங்குவதில் மாயம் இல்லை. முயல் விழித்திருக்கும்போதே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் இமைக்கும். கண் காயாமல் இருக்க உள்ளே மூன்றாவதாக ஒரு மெல்லிய இமையும் உண்டு. தலையின் இரு பக்கமும் பிதுங்கி நிற்கும் கண்கள் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். வாய்க்கு நேர் முன்னால் மட்டும் ஒரு குருட்டு இடம். அதனால்தான் மூக்குக்குக் கீழே நீட்டிய தழையை உதட்டால் தடவித் தேடுகிறது. தூக்கத்திலும் திறந்திருக்கும் கண்ணுக்கு முன்னால் ஒரு நிழல் நகர்ந்தால் போதும், துள்ளி எழுந்துவிடும். ஒரு நாளில் மொத்தம் எட்டு மணி நேரம் அளவுக்குத் தூங்கினாலும் அத்தனையும் கோழித்தூக்கம், துண்டு துண்டாக. ஒரே மூச்சில் விடிய விடியத் தூங்குவது முயலுக்கு முயல்கொம்பு.

2.00: எழுந்தது. தண்ணீர்க் குப்பியின் முனையிலுள்ள குண்டு டிக் டிக் என்றது. மறுபடி புல்.

3.10: பால்கனிக் கதவுக்கு வெளியே பூனை. நான் பார்ப்பதற்கு முன்பே கொழுக்கட்டை பார்த்துவிட்டது. பின்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரே அடி. 'டொம்!' இரண்டு கிலோ உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வளைக்குள் இருக்கும் உறவினர்களுக்கு அபாயம் சொல்கிற முறை அது. எங்கள் வீட்டில் உறவினர் நான்தான். பூனை போய் இருபது நிமிடம் கழித்தும் சிலையாகத்தான் நின்றது.

4.25: சோம்பல் முறித்தது. முன்கால்களை நீட்டி, முதுகை வளைத்து, பெரிய கொட்டாவி.

4.30: கம்பி. மூன்று நிமிடம்கூட இருக்காது. கட்டிலிலிருந்து மனைவியின் குரல்: "ஆரம்பிச்சிருச்சா?"

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 11.05க்கு நாலு நிமிடம். 4.30க்கு மூன்று. ராத்திரிச் சத்தம்தான் அதிகம். அதை யாரும் கேட்கவே இல்லை.

ஒரே சத்தம், வேறு தூக்கம்

ஆக, 'முயல் ஏன் நாலரைக்குச் சத்தம் போடுகிறது' என்ற கேள்வியில் பாதி, முயலைப் பற்றியதே அல்ல. நம்மைப் பற்றியது.

நம் தூக்கம் சமதரை இல்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற சுற்றுகள் அது. முதல் இரண்டு சுற்றுகளில் ஆழ்தூக்கம் அதிகம். அப்போது பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் பலருக்குக் கேட்காது. பின்னிரவுச் சுற்றுகளில் ஆழ்தூக்கம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அந்த இடத்தைக் கனவுத்தூக்கமும் மேலோட்டமான தூக்கமும் பிடித்துக்கொள்ளும். விடிகாலையில் உடல் வெப்பம் அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல ஏறத் தொடங்கும். விழிப்புக்கு ஆயத்தம் செய்கிற சுரப்புநீர் இரத்தத்தில் கூடிக்கொண்டிருக்கும். பத்தரைக்குப் படுத்தவர் நாலரை மணிக்குப் பெரும்பாலும் தூக்கத்தின் மேல்தட்டில்தான் மிதந்துகொண்டிருப்பார். ஒரு கம்பிச் சத்தம் போதும்.

அந்த இரவில் கொழுக்கட்டையின் சத்தத்துக்கு இரண்டு உச்சங்கள். முதல் உச்சம் நம் ஆழ்தூக்கத்தில் விழுந்து காணாமல் போகிறது. இரண்டாவது, நம் தூக்கம் மெலிந்த இடம் பார்த்து விழுகிறது. ஒரே அறையில் இரண்டு கடிகாரங்கள். அவை மோதிக்கொள்கிற நேரம் நாலரை.

ஒரே ஒரு முயல், ஒரே ஒரு இரவு; இதை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு கண்ணாடித்தாள். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். விழித்திருக்க முடியாதென்றால் கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் படுங்கள்.

பகலில் நடக்கிற வேலை

'பகல் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தது' என்ற இரண்டாவது கேள்விக்கு மறுநாள் காலையில் விடை கிடைத்தது. ஆறரை மணிக்கு ஆட்டம் ஓய்ந்து, கொழுக்கட்டை மூலைக்குத் திரும்பியது. 7.45க்குத் தலையைக் குனிந்து வயிற்றுக்கு அடியில் விட்டது. நக்கிச் சுத்தம் செய்கிறது என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தியபோது எதையோ விழுங்கியது. அது தன் எச்சத்தைத் தானே தின்றது.

முகம் சுளிக்க வேண்டாம். புல்லைச் செரிப்பது லேசான வேலை இல்லை. மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. முயலுக்கு அந்த வழி இல்லை. முயலால் வாந்திகூட எடுக்க முடியாது. அதற்குப் பதிலாகப் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பக்கம் மூடிய பெரிய பை வைத்திருக்கிறது. குருட்டுக்குடல் என்பார்கள். முயலின் வயிற்றறையில் மிகப் பெரிய உறுப்பு அதுதான். அதற்குள் நுண்ணுயிர்கள் இட்லி மாவைப் போலப் புல்லைப் புளிக்கவைக்கின்றன. புரதமும் பி வகை வைட்டமின்களும் உண்டாகின்றன. ஆனால் அந்தப் பை, சத்தை உறிஞ்சுகிற சிறுகுடலுக்குப் பின்னால் இருக்கிறது. உண்டானதை உறிஞ்ச ஒரே வழி, வெளியே விட்டு மறுபடி வாய்வழியே அனுப்புவது.

எனவே முயலுக்கு எச்சம் இரண்டு வகை. கூண்டில் சிதறிக் கிடக்கிற, ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு என்று வருகிற காய்ந்த உருண்டைகள் வெறும் நார். மற்றது சின்னத் திராட்சைக் கொத்துபோல, பளபளப்பான சவ்வு போர்த்தி, மெத்தென்று இருக்கும். அது தரையில் விழுவதற்கு முன்பே முயல் வாயில் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் பல வருடம் வளர்த்தவர்களும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1882இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். பிற்காலத்தில் இதற்கு 'இரவு எச்சம்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. பொருந்தாத பெயர். மேய்கிற நேரத்தில் காய்ந்த உருண்டை, ஓய்கிற நேரத்தில் மென்மையானது. காட்டுக் குழிமுயல் பகலில் வளைக்குள் ஓய்கிறது என்பதால் அதற்கு இது பெரும்பாலும் பகல் வேலை. இரவில் மேய்ந்ததைப் பகலில் இரண்டாம் பந்தி வைத்துச் சாப்பிடுகிறது.

பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிற நேரத்தில் உள்ளே உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. காலை எட்டு மணிக்கு 'ராத்திரி தூங்கவிட்டியா' என்று அதை எழுப்பிப் பழிவாங்குகிறவர்கள், இந்தப் பந்தியைக் கலைக்கிறார்கள்.

சத்தத்துக்குப் பயந்து இரவில் தீனியை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். புல் உள்ளே போவது நின்றால் குடல் அசைவு நிற்கும், வாயு சேரும், வலியில் முயல் இன்னும் தின்னாது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். படுக்கையறையில் முயல் இருப்பதில் ஒரு லாபம் இங்கேதான்: வழக்கமான அரைக்கும் சத்தம் ஓர் இரவு கேட்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

கொத்தமல்லி செய்த வினை

இரண்டு உச்சங்கள் இயற்கை. ஆனால் 'நாலரை' என்ற அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். நாலரைக்குப் புலர்வதற்கான அறிகுறியே கிடையாது.

குற்றவாளி நான். முதல் வாரத்தில் ஒருநாள் விடிகாலைச் சத்தம் தாங்காமல் எழுந்து, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரண்டு கொத்தமல்லிக் கொத்தை எடுத்துக் கூண்டில் போட்டேன். சத்தம் நின்றது. மறுநாளும் போட்டேன். கம்பியை உலுக்கினால் கொத்தமல்லி வரும் என்று முயல் கற்றுக்கொண்டது. அது ஒரு பாடம். அதைவிட ஆழமான பாடம் ஒன்றும் கூடவே நடந்தது: நாலரைக்குச் சாப்பாடு வரும் என்று அதன் உடல் கற்றுக்கொண்டது.

முயலின் கடிகாரம் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, உணவு நேரத்துக்கும் வளைகிறது. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் யில்கே என்பவர் முயல்களின் அன்றாடச் சுழற்சியை நெடுங்காலம் ஆராய்ந்தார். தினமும் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் தீனி வைத்தபோது, இரவில் இயங்கிவந்த முயல்களும் அந்த நேரத்தை ஒட்டித் தங்கள் நாளை மாற்றிக்கொண்டன. தீனி வருவதற்கு முன்பே பரபரக்கத் தொடங்கின.

இந்தத் திறமை பிறவியிலேயே வருகிறது என்பதற்கு அழகான சாட்சி குட்டிகள். தாய் முயல் குட்டிகளோடு படுத்துக்கிடக்காது. வளையைச் சுற்றி வாசனை பரவினால் எதிரி வந்துவிடும். நாளைக்கு ஒரே ஒருமுறை வரும், மூன்று நாலு நிமிடம் பால் கொடுக்கும், போய்விடும். கண் திறக்காத, காது கேட்காத குட்டிகள் இருட்டு வளைக்குள் அந்த நேரம் நெருங்குவதை எப்படியோ அறிந்து, தாய் வருவதற்கு முன்பே மேலே போர்த்திய புல்லையும் உரோமத்தையும் விலக்கிக்கொண்டு தயாராகிவிடும். அந்த நிமிடங்களைத் தவறவிட்டால் அடுத்த சாப்பாடு மறுநாள்தான். பிறந்த முதல் வாரத்திலேயே நேரம் பார்க்கத் தெரிந்த விலங்குக்கு நான் தினமும் நாலரைக்குக் கொத்தமல்லி போட்டிருக்கிறேன்.

மாற்று ஏற்பாடு எளிதாகத்தான் இருந்தது, அனுபவிப்பதுதான் கஷ்டம். இரவு எட்டிலிருந்து ஒன்பதரைவரை கூடத்தில் ஓடவிட்டோம். ஒன்பதரைக்குக் கீரையும் தீவனமும். படுக்கும்போது கூண்டு நிறையப் புல். நாலரைக்கு ஒன்றும் கிடையாது, ஒரு அதட்டல்கூட. அதட்டினாலும் 'ஆள் எழுந்துவிட்டார்' என்றுதான் அதற்கு அர்த்தம். காலைக் கீரை ஏழு மணிக்கு, என் குளியல் முடிந்த பிறகு. கம்பிக் கூண்டைத் தூக்கிவிட்டு அறை மூலையில் பலகைத் தடுப்பு வைத்தோம். கடிக்கக் கம்பி இல்லாவிட்டால் உலுக்க என்ன இருக்கிறது? கைப்பேசி மின்னேற்றி ஒயர்களை மேலே ஏற்றினோம், ஒன்று பலியான பிறகு.

முதல் ஆறு நாள் முன்னைவிட மோசம். கிடைத்துக்கொண்டிருந்தது நின்றால் எந்த விலங்கும் முதலில் இன்னும் பலமாகத்தான் கேட்கும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் மனம் இரங்கி எழுந்து கொடுத்துவிடுகிறார்கள். அதோடு, நீண்ட நேரம் உலுக்கினால் கிடைக்கும் என்ற புதுப் பாடம் ஏறிவிடுகிறது. இரண்டாவது வாரம் சத்தம் ஐந்தேகாலுக்கு நகர்ந்தது. ஒரு மாதத்தில் ஐந்தே முக்கால். அதற்கு மேல் நகரவில்லை. நகராது என்றுதான் நினைக்கிறேன். புலரும் நேரத்து உச்சம் கொத்தமல்லியால் வந்ததில்லை.

அறையில் இன்னும் கொஞ்சம்

கூண்டின் மேல் போர்வை போட்டு மூடுங்கள் என்று யாரோ ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். கடிகாரம் போர்வைக்குக் கட்டுப்படாது. காற்று மட்டும் நின்றுபோகும். நம் ஊரில் அது ஆபத்து. முயலின் இயல்பான உடல் வெப்பமே முப்பத்தெட்டரையிலிருந்து நாற்பது டிகிரி செல்சியஸ் வரை. வியர்க்காது, நாய்போல மூச்சிரைத்து வெப்பத்தைத் தள்ளவும் சரியாக வராது. அதன் ரேடியேட்டர் காதுதான். மெல்லிய தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் விரிந்து காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். காதை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஆற்றுப்படம் போலக் குழாய்கள் தெரியும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் முயல் ஆராய்ச்சி மையம் இருப்பதும், ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் முயல் வளர்ப்பதும் தற்செயல் இல்லை. வெப்பம் தாங்காத விலங்கு அது.

மே மாத இரவில் மின்விசிறி நமக்கு இதமாக இருக்கக் காரணம், அது நம் வியர்வையை உலர்த்துகிறது. வியர்க்காத முயலுக்கு அதே விசிறியால் கிடைக்கிற பலன் சொற்பம். தண்ணீர் நிரப்பி உறையவைத்த குப்பியைத் துண்டில் சுற்றி வைத்தால் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். கொழுக்கட்டைக்கு மொசைக் தரைதான் பிடித்தது, கட்டிலுக்கு அடியில் வெயில் படாத இடம்.

காதைப் பற்றி இன்னொன்று. நமக்குக் கேட்கிற ஒலியின் உச்சி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு. முயலுக்கு ஏறத்தாழ நாற்பத்தொன்பதாயிரம். சுவரில் செருகிவைக்கிற மின் எலிவிரட்டி நமக்குக் கேட்காத ஒலியில் இரவெல்லாம் கத்துகிறது என்பதுதான் அதன் விற்பனை வாசகமே. அந்தக் கத்தல் முயலுக்கு நன்றாகக் கேட்கும். படுக்கையறையில் முயல் இருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

கதவு, சன்னல் எல்லாம் சாத்தி ஏசி போட்ட அறையில் சிறுநீர் நெடி சீக்கிரம் ஏறும். பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. கட்டிலில் படுத்திருக்கிற நம் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே, கழிவுத் தட்டுக்கு ஓரடி தள்ளி இருக்கும் முயலின் மூக்கை அது அரிக்கத் தொடங்கிவிடும். முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடுகிற பிராணி. தட்டில் விரித்த செய்தித்தாளைத் தினமும் மாற்றினால் போதும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் விஷயம் வேறு. முயலின் எச்சில், உரோமத்தூள், புல்தூசி மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை. அப்படிப்பட்ட வீட்டில் படுக்கையறை வேண்டாம் என்பதே என் பதில்.

ஜீரோ வாட் பல்பை அணைத்துவிட்டோம். கொழுக்கட்டைபோலச் சிவப்புக் கண் முயல்களுக்குக் கண்ணில் நிறமி இல்லை. வெளிச்சத்தை மறைக்க வேண்டிய கருவிழிப் படலமே வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிப் பார்ப்பதும் அந்தப் பார்வைக் குறையால்தான். தெருவிளக்கின் கசிவு வெளிச்சமே அதற்குத் தாராளம்.

இப்போது விடிகாலையில் அறை அமைதியாக இருக்கிறது. நான்தான் நாலரைக்கு விழித்துக்கொள்கிறேன், எந்தச் சத்தமும் இல்லாமலே. எட்டு மாதமாகிவிட்டது, இன்னும் மாறவில்லை. சில நாள் கண்ணாடித்தாள் ஒட்டிய விளக்கை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால்களை நீட்டிக் கிடக்கும். கண் திறந்திருக்கும். மூக்கு அசையாது.